வற்றத்தோடு போ

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வெள்ளாற்றுப் படங்களைப் பார்த்தேன். கூர்மைக்குக் குறைவில்லை. ஆனால் முக்கால்வாசிப் படங்களில் பறவை முதுகைக் காட்டிப் பறக்கிறது. லென்ஸைக் குறை சொல்லாதே. தோணியை நேரே பறவைமேல் விடச் சொல்லியிருக்கிறாய்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் போகிறவள் கடிகாரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கடல்நீர் இறங்கும் வற்றத்தில்தான் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். உள்ளானும் கொக்கும் அங்கேதான் மேயும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். மாலை வெயிலும் வற்றமும் சேர்ந்து வரும் நாள் எது என்று வலைக்காரர்களைக் கேள். அன்றைக்கு ஆறு உன்னைக் கிழக்கே கடல் பக்கம் இழுக்கும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் முழுக்கப் பறவைமேல் விழும். துடுப்பை உள்ளே எடுத்துவிட்டுத் தோணியை ஓட்டத்தில் விடு. பறவையை ஓரமாகக் கடந்து போகிற மாதிரிப் போகட்டும். எழுந்து மட்டும் நிற்காதே, சாயங்கால நிழல் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

பவளக்காலிமேல் ஒரு கண் இருக்கட்டும். திட்டுக்கே காவல்காரன் அது. மேய்வதை விட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டினால், அதுதான் உன் எல்லை. கழியை ஊன்றித் தோணியை நிறுத்து. அது கத்திக்கொண்டு கிளம்பினால், கூட இருந்ததெல்லாம் கிளம்பும். மார்ச், ஏப்ரலில் இன்னும் பொறுமை வேண்டும். வடக்கே வெகுதூரம் திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற காலம். ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது.

சின்னக் கொக்கு அவ்வளவு மிரளாது. கறுப்புக் கால், மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். குத்துகிற கணம் வேண்டுமானால் 1/1600 நொடியாவது வை. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை என்ன செய்வது? பின்னால் அலையாத்தி இருட்டாக நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை இறகு வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள். டிரைபாட் வீட்டிலேயே கிடக்கட்டும். தோணியின் ஆட்டத்தை அப்படியே கேமராவுக்கு ஏற்றுவதுதான் அது செய்யும் வேலை.

மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார். பறவையை வருணிக்கிற அவர் கட்டுரைகளும் உண்டு, 'மழைக்காலமும் குயிலோசையும்' என் அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். (திருப்பிக் கொடு.)

முகத்துவாரத்து அலை தெரிவதற்கு முன்பே திரும்பிவிடு. வற்றத்தில் எதிர்த்துத் துடுப்புப் போடுவது தோணிக்காரருக்குத்தான் கஷ்டம், அதையும் கணக்கில் வைத்துக் கூலி கொடு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி கேமராவுக்கு மெத்தையாகப் போடும் வேலை வேண்டாம். உன் அப்பா அனுப்பிய படத்தில் அதையும் பார்த்தேன்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது வற்றமா ஏற்றமா என்று கூடவே எழுது.

உன்
பெரியப்பா