சைன் மீது பழி போடாதீர்கள்

ஃபோர்ட்ரான் நிரலை ஒற்றைத் துல்லியத்துக்கு மாற்றியபின் விடை பிசகினால், பழி முதலில் கணித நூலகத்தின் மேல்தான் விழுகிறது. நான் பார்த்தவரை அது பெரும்பாலும் வீண்பழி. தரமான நூலகத்தின் சார்பு, தன்னிடம் வந்த எண்ணுக்குக் கடைசி பிட்டை ஒட்டியே தவறும். கோளாறு வந்த எண்ணில்தான். ஒற்றைத் துல்லியத்தில் இருப்பது 24 பிட், தசமத்தில் ஏறக்குறைய 7 இலக்கம். பத்து லட்சத்தை ஒட்டி, அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவே 0.0625 இடைவெளி. அங்கே சைன் கேட்டால் கோணமே 0.03 ரேடியன் வரை நகர்ந்திருக்கும். சைன் என்ன செய்யும்? முழுச் சுற்றுகளை இரட்டைத் துல்லியத்தில் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள். அதேபோல் 0.0001 ரேடியனின் கொசைன் 1 என்றே வரும். அதை 1-இலிருந்து கழித்தால் பூச்சியம். பாதிக் கோணத்தின் சைனை வர்க்கமாக்கி இரட்டித்தால், அதே நூலகம் 5×10⁻⁹ என்று சரியாகத் தருகிறது.

எந்தத் துல்லியத்துச் சார்பு ஓடும் என்பதையும் உள்ளே போகும் எண்ணே முடிவு செய்கிறது. ஃபோர்ட்ரான் 77 முதல் சைன் என்ற பொதுப்பெயரே போதும். டிசைன், ஏலாக் போன்ற பழைய பெயர்கள் ஒரே வகைக்குக் கட்டுப்பட்டவை, கண்டால் நீக்கிவிடலாம். ஒற்றைத் துல்லியக் கோவைக்குள் ஒரே ஓர் இரட்டைத் துல்லிய மாறிலி நுழைந்தாலும் கணக்கு இரட்டைக்கு ஏறிவிடும். கிடைத்த விடையோ சேமிக்கும்போது வெட்டுப்படும். வேகமும் இல்லை, துல்லியமும் இல்லை. திசை மாறினால் இன்னும் மோசம்: வெறும் 0.1 என்று எழுதி இரட்டை மாறியில் வைத்தால் அது 0.10000000149 ஆகிறது. வகைமாற்ற எச்சரிக்கையைக் கேட்டு வாங்காவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது. துல்லியத்துக்கு ஒரே இடத்தில் பெயர் வைத்து, எல்லா மாறிலிகளோடும் அதை ஒட்டுவதே என் வழக்கம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இரட்டையிலேயே இருக்கலாமே என்பார்கள். சிறிய நிரலுக்கு அது நியாயமே. ஆனால் பெரிய மாதிரிகளில் நேரத்தைத் தின்பது நினைவகப் போக்குவரத்து. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட தன் முன்கணிப்பு மாதிரியை ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் 2021 மே மாதம் ஒற்றைத் துல்லியத்துக்கு மாற்றியது. ஏறக்குறைய 40 சதவீதம் கணிப்பு நேரம் மிஞ்சியது. அதைக்கொண்டு குழு முன்கணிப்பின் செங்குத்து அடுக்குகளை 91-இலிருந்து 137 ஆக உயர்த்தினார்கள். வெப்பநிலை அளவீட்டில் ஏழு இலக்கம் நம்பகமாக இருப்பதில்லை என்பதால் இந்தப் பேரம் லாபமே. கூட்டுத்தொகைகளுக்கு மட்டும் இந்த வாதம் செல்லாது: ஒற்றையில் 1,67,77,216-உடன் ஒன்றைக் கூட்டினால் அதே எண்தான் திரும்ப வரும். ஆகவே கூட்டிச் சேர்க்கும் மாறிகளை மட்டும் இரட்டையிலேயே விட்டுவைக்கிறேன்.