ஒரே கம்பியில் இரு செய்திகள்

மல்லேஸ்வரத்திற்கும் சதாசிவ நகருக்கும் இடையே அமைந்துள்ளது சாங்கி ஏரி. 1882ஆம் ஆண்டில் நகரின் நீர்த் தேவைக்காகக் கட்டப்பட்டது. காற்று வீசும் மாலைப்பொழுதில் அதன் பரப்பில் சிற்றலைகள் எழும். ஓர் அலை எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவே தாழவும் செய்கிறது. ஆகவே, ஆயிரம் அலைகள் எழுந்தாலும் ஏரியின் நீர்மட்டம் மாறுவதில்லை. இவ்வுண்மையைக் கருத்தில் கொண்டால் இப்பாடம் எளிதில் விளங்கும்.

இன்று பெங்களூருவின் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி காவிரி நீரே. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, மூன்று கட்டங்களாக, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு அந்நீர் ஏற்றப்படுகிறது. இவ்வளவு பெரிய பணியில், தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை ஒவ்வொரு முறையும் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. நீரேற்று நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் இப்பணியைச் செய்வது டிரான்ஸ்மிட்டர் என்னும் அளவீட்டுக் கருவி. தொட்டியின் அடியில் உள்ள நீரின் அழுத்தத்தைக் கொண்டு அது நீர்மட்டத்தை அறிகிறது. அறிந்ததை இரண்டு கம்பிகளின் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது.

தொட்டி வெறுமையாக இருந்தால் 4 மில்லி ஆம்பியர். நிரம்பியிருந்தால் 20 மில்லி ஆம்பியர். தொட்டியின் உயரம் 5 மீட்டர் எனில், 12 மில்லி ஆம்பியர் என்பது 2.5 மீட்டர் நீரைக் குறிக்கும். சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவது ஏன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும். வெறுமையான தொட்டியையும் அறுந்த கம்பியையும் அப்போதுதான் வேறுபடுத்தி அறிய முடியும். இதனை வகுத்தவர்களின் முன்னறிவு பாராட்டத்தக்கது.

1980களில் அமெரிக்காவின் ரோஸ்மவுண்ட் நிறுவனம் ‘ஹார்ட்’ என்னும் தொடர்பு முறையை உருவாக்கியது. ஏற்கெனவே உள்ள அதே இரு கம்பிகளில், அதே மின்னோட்டத்தின் மீது, மேலும் கீழும் அரை மில்லி ஆம்பியர் அளவே அசையும் மின்னலைகளை அது ஏற்றியது. நொடிக்கு 1200 முறை அசைந்தால் ‘ஒன்று’. 2200 முறை அசைந்தால் ‘சுழியம்’. இந்த ஒன்றும் சுழியமும் சேர்ந்து சொற்களாகின்றன. அலைகளின் சராசரி சுழியம் ஆதலால், அடியில் செல்லும் அளவு கெடுவதில்லை. சாங்கி ஏரியின் சிற்றலைகள் நீர்மட்டத்தை மாற்றாததைப் போன்றதே இது.

இம்மொழியைப் பேசும் கையடக்கக் கருவி கம்யூனிகேட்டர் எனப்படும். அதனை இணைக்கக் கம்பியை அறுக்க வேண்டியதில்லை. அதன் இரு கவ்விகளையும் டிரான்ஸ்மிட்டரின் இரு முனைகளில் பக்க இணைப்பாகப் பொருத்தினால் போதும். எந்தக் கவ்வி எந்த முனையில் என்னும் கவலையும் இல்லை. ஆனால் ஒன்று இன்றியமையாதது: அச்சுற்றில் ஏறத்தாழ 250 ஓம் மின்தடை இருத்தல் வேண்டும். அது இல்லையெனில், மின்வழங்கி அந்த மெல்லிய அலைகளை விழுங்கிவிடும். கம்யூனிகேட்டர் அழைத்தும் மறுமொழி வாராது. கருவி பழுதாகிவிட்டது என்று கருதி அதனைக் கழற்றத் தொடங்குவோர் முதலில் இத்தடையைச் சரிபார்ப்பது நன்று.

இணைப்புக் கிடைத்தவுடன் திரையில் கருவியின் அடையாளப் பெயர் தோன்றும். அதுவே தாம் தேடி வந்த கருவிதானா என்று தொழில்நுட்பர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அளவை வாசிப்பதால் எவ்விதத் தீங்கும் இல்லை. கம்யூனிகேட்டர் கட்டளையிடவும் வல்லது என்பதில்தான் இடர் உள்ளது.

கம்பியைச் சோதிப்பதற்காக, “20 மில்லி ஆம்பியர் அனுப்பு” என்று அவர் கட்டளையிடுவதாகக் கொள்வோம். பாதி நிரம்பிய தொட்டி, கட்டுப்பாட்டு அறையில் நிரம்பியதாகத் தெரியும். தானியங்கி அமைப்பு அதை நம்பி நீரேற்றியை நிறுத்தும்; வீடுகளுக்கு நீர் வராமற்போகலாம். 4 மில்லி ஆம்பியர் அனுப்பச் சொன்னாலோ, தொட்டி வெறுமையாகிவிட்டது என்றெண்ணி நீரேற்றி ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். ஆகையால் கவ்வியை எடுப்பதற்கு முன் தொழில்நுட்பர் எடுக்க வேண்டியது தொலைபேசி. கட்டுப்பாட்டு அறையில் உள்ளவர் அச்சுற்றைக் கைமுறை இயக்கத்திற்கு மாற்றிய பின்னரே சோதனை தொடங்கும். சோதனை முடிந்ததும், கருவி உண்மையான அளவை மீண்டும் அனுப்புகிறதா என்று இருவரும் சரிபார்த்த பிறகே தானியங்கி இயக்கம் திரும்பும்.

அருஞ்சொற்பொருள்

சுழியம் – பூச்சியம்
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது
இடர் – ஆபத்து
கைமுறை இயக்கம் – மனிதரே நேரடியாக இயக்குதல்

பயிற்சி

1. 5 மீட்டர் உயரமுள்ள தொட்டியிலிருந்து 8 மில்லி ஆம்பியர் வந்தால், நீர்மட்டம் எவ்வளவு?
2. கம்யூனிகேட்டரின் அலைகள் அளவைக் கெடுக்காதது ஏன்?
3. ‘வாராது’, ‘வராமற்போகலாம்’ – இவற்றைப் பேச்சு வழக்கில் எவ்வாறு கூறுவீர்கள்?
4. தொழில்நுட்பருக்கும் கட்டுப்பாட்டு அறையில் உள்ளவருக்கும் இடையே நிகழும் தொலைபேசி உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.