வெனிஸில் இருவர் வழிதவறியது

கலியாணமாகி 26 ஆண்டுகள் குடும்ப பாரத்தைச் சுமந்து, பிள்ளைகள் இருவரும் தத்தம் உத்தியோகத்தைத் தேடிப் போய்விட்டபின், ஓர் ஐப்பசி மாதத்தில் நானும் என் மனைவியும் முதன்முதலாக ஐரோப்பாவுக்குப் பிரயாணப்பட்டு, மற்ற நகரங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெனிஸ் ஒன்றையே தேர்ந்துகொண்டோம். மோட்டார் வாகனமே ஓடாத ஓர் ஊரில் ஜனங்கள் எப்படித்தான் காலட்சேபம் செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாளைய ஆசை. காதலர்களின் நகரம் என்று அதற்கிருக்கும் பிரசித்தி எங்களுக்குக் கொஞ்சம் கூச்சத்தையே கொடுத்தது. "இந்த வயசுல நமக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று சொன்னவள், பெட்டியில் புதுப் பட்டுப் புடவை ஒன்றை வைத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் எச்சரிக்க வேண்டும். சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் வீதிக்குப் பதிலாகப் பெருங்கால்வாய் குறுக்கே கிடக்கும் காட்சியில் பிரமித்து நின்ற நாங்கள், இந்த ஊரில் 400-க்கு மேற்பட்ட பாலங்கள் உண்டென்பதையும், அவற்றில் பெரும்பாலானவை படிக்கட்டு வைத்தவை என்பதையும், கூலிக்கு வண்டி என்ற பேச்சே இங்கு இல்லையென்பதையும் தலைக்கு ஒன்றாக 23 கிலோப் பெட்டியைத் தூக்கியபோதுதான் பூரணமாக உணர்ந்தோம். ஐந்தாவது பாலத்தின் உச்சியில் என் பெட்டிச் சக்கரம் ஒன்று கழன்று, படிகளில் தத்தித் தத்திச் சென்று, கால்வாயில் ஜலசமாதி அடைந்தது. தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு பையோடு போகிறவர்களே இங்கு பாக்கியசாலிகள்.

விடுதியைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை. வெனிஸில் வீட்டிலக்கங்கள் தெருவாரியாக அமையாமல், ஆறு பேட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் நீண்டுகொண்டு போகும். ஆகையால் 'கன்னரேஜியோ, 5,000-த்துச் சொச்சம்' என்ற விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட அவஸ்தையை வேறெவரும் படாதிருக்க, பக்கத்திலுள்ள மாதா கோவிலின் பெயரையும் படகுத்துறையின் பெயரையும் விடுதிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது உத்தமம். ஆனாலும் பகல் யாத்திரிகராக வந்து மாலையில் திரும்பிவிடாமல், தீவுக்குள்ளேயே இரண்டு மூன்று இரவுகள் தங்குவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒரு நாளுக்கு மட்டும் வருகிறவர்களிடம் குறிப்பிட்ட சில தினங்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் வழக்கம் 2024-இல் ஆரம்பமாகியிருப்பதே, பகலில் அங்கு எத்தகைய ஜனத்திரள் என்பதற்குச் சாட்சி.

இனி, கோண்டோலா. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அது படகுக்கான கட்டணமே தவிரத் தலைக்கு இவ்வளவு என்பதல்ல. பாட்டு வேண்டுமானால் அதற்குத் தனி. இந்த விவரங்களையெல்லாம் அறிந்திருந்தும் இடத்தைத் தேர்வதில் நான் அறிவீனனாகி, சான் மார்க்கோ சதுக்கத்தின் ஓரத்திலேயே ஏறிவிட்டதால், முன்னும் பின்னும் படகுகள் முட்டிக்கொள்ள, தேர்த்திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர்களைப் போல ஊர்ந்துகொண்டிருந்தோம். ஒற்றைத் துடுப்பின் வேகத்தில் படகு ஒருபுறமாகச் சுற்றிக்கொண்டு போகாதிருக்க, அதன் இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட அகலமாகக் கட்டுகிறார்கள் என்னும் சூட்சுமத்தை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்க, அவளுடைய சிந்தை முழுவதும் பட்டுப் புடவையில் தண்ணீர் தெறித்துவிடுமோ என்பதிலேயே இருந்தது. பெருமூச்சுப் பாலத்தின் அடியில் முத்தமிட்டுக்கொள்ளும் காதலர்கள் என்றென்றும் பிரியமாட்டார்கள் என்று ஓர் ஐதீகம். அது அரண்மனையிலிருந்து சிறைச்சாலைக்குக் கைதிகளைக் கொண்டுபோன பாலம் என்பதை அறிந்ததும், "நல்ல இடம் பாத்தாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். உள்ளே ஒதுங்கிய சிறு கால்வாய் ஒன்றில் ஏறியிருக்க வேண்டும். படகில் ஏறினோம் என்ற பெயர் மட்டும் போதுமென்போருக்கு, பெருங்கால்வாயின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு இரண்டே யூரோவில் கொண்டுவிடும் 'திராகேத்தோ' என்ற பரிசல்துறைகள் இருக்கின்றன.

பணம் கொடுத்து வாங்கிய காதல் இவ்வாறாக முடிய, காசில்லாமல் கிடைத்தது வழிதவறியதில்தான். ரியால்ட்டோவுக்கும் சான் மார்க்கோவுக்கும் வழிகாட்டும் மஞ்சள் பலகைகளை விட்டு விலகி இரண்டு திருப்பம் நடந்தால் போதும். சந்தடி அடங்கி, காலடியோசை மட்டும் துணைக்கு வரும். ஒவ்வொரு சிறு சதுக்கத்திலும் மூடியிட்ட கற்கிணறு ஒன்று நிற்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த ஊரில், தளத்தில் விழும் மழையைத் துவாரங்களின் வழியே பூமிக்குள் இறக்கி, மணலில் வடியவிட்டு, நடுவில் ஊறவைத்து எடுத்துக் குடித்திருக்கிறார்கள்; 1884-இல் குழாய்த் தண்ணீர் வந்தபின் அவை ஓய்வு பெற்றன. நூற்றாண்டுகளாகக் கயிறு உராய்ந்து விளிம்பில் விழுந்திருந்த தழும்புகளை அவள் விரலால் வருடிப் பார்த்தது, நான் எந்தச் சித்திரசாலையில் கண்டதையும்விட நன்றாக நினைவில் நிற்கிறது. "என்னங்க, இந்தக் கிணத்தை முன்னாடியே பாத்தாச்சு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நாங்கள் வட்டமாகச் சுற்றியிருக்கிறோம் என்று அர்த்தம்.

அப்படி அலைந்த ஒரு மாலையில்தான், மார்க்கோ போலோவின் குடும்பத்தார் வசித்ததாகக் கருதப்படும் சிறு முற்றத்தில் போய் நின்றோம். பாண்டிய நாட்டுக் காயல் துறையையும் முத்துக்குளிப்பையும் 13-ஆம் நூற்றாண்டிலேயே வர்ணித்த மனிதரின் வாசலில் தமிழில் வழக்காடிக்கொண்டிருந்தோம், வலப்பக்கமா இடப்பக்கமா என்று.

சில்லறை யோசனைகளும் உண்டு. காப்பியைக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் அமர்ந்தால் அதுபோலப் பல மடங்கு. சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து பலகாரம் தின்பது அபராதத்துக்குரிய குற்றமாகையால், எங்கள் முறுக்குப் பொட்டலம் ஒரு காவலரின் கண்டிப்பான விரலசைவுக்குத் தலைவணங்கி மீண்டும் பைக்குள் போயிற்று.

கடைசி இரவு, ரயில் நிலையத் துறையில் 1-ஆம் எண் நீர்ப்பேருந்தில் ஏறினோம். 75 நிமிஷத்துக்குச் செல்லும் சீட்டு, ஆளுக்கு ஒன்பதரை யூரோ. கா தோரோ துறையில் நாங்கள் இறங்கியிருக்க வேண்டும். அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். ரியால்ட்டோப் பாலம் தலைக்குமேல் கடந்தது. கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பிய சாலூத்தே ஆலயத்தின் வெண்ணிறக் கவிகை இருளில் மிதந்து வந்து பின்தங்கியது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடைசித் துறையான லீடோவில் படகுக்காரர் இறங்கச் சொன்னபோது கண்விழித்து, "எங்க இருக்கோம்?" என்றாள். திரும்பி வரப் புதிதாக இரண்டு சீட்டு வாங்கினேன்; 19 யூரோ.