சரிவை அளப்போம், வழியைத் திறப்போம்

வகுப்பு: 7, 8
பாடம்: கணக்கு (விகிதம்), அறிவியல் (உராய்வு)
நேரம்: இரண்டு பாடவேளை

அறிமுகம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா உள்ளது. அங்கே மான்சல் பாதை என்றொரு கிராமப்புறப் பாதை இருக்கிறது. நீளம் 8.5 மைல், அதாவது சுமார் 13.7 கி.மீ. நடப்போர், சைக்கிளில் செல்வோர், சக்கர நாற்காலியில் வருவோர் ஆகிய அனைவரும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மலைப்பகுதியில் சக்கர நாற்காலி எப்படிச் செல்லும்? இந்தக் கேள்வியுடன் பாடத்தைத் தொடங்கலாம்.

கருத்து விளக்கம்

இது முன்பு ரயில் பாதை. 1968இல் மூடப்பட்டு, 1981இல் நடைபாதையானது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் அது வழுக்கும். எனவே, மேட்டைக் குடைந்தும் பள்ளத்தில் பாலம் கட்டியும் சரிவைக் குறைத்தார்கள். ரயிலுக்காகக் குறைத்த அந்தச் சரிவுதான் இன்று சக்கர நாற்காலிக்கு உதவுகிறது.

ஆனால், சுரங்கங்கள் பல ஆண்டுகள் மூடியே கிடந்தன. பாதை சமமாக இருந்தும், சுரங்கம் வந்த இடத்தில் சுற்றுவழியில் மேடேற வேண்டியிருந்தது. 2011இல் விளக்குகள் பொருத்திச் சுரங்கங்களைத் திறந்த பின்னரே தொடர்ச்சியான வழி கிடைத்தது. இன்றும் மான்சல் ஹெட் என்னும் இடத்திலிருந்து இறங்கும் வழி செங்குத்தானது. பேக்வெல் போன்ற இடங்களில்தான் எளிதாக நுழைய முடியும். பாதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது; நுழைவாயிலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் உணரட்டும்.

செயல்பாடு

நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பள்ளி வாயிலிலிருந்து வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்க் குழாய், சத்துணவுக் கூடம் வரை செல்லும் வழிகளை வரையச் சொல்லவும். படி, குழி, மணல், குறுகிய கதவு ஆகியவற்றைக் குறிக்கட்டும்.

சாய்தளத்தை அளக்க, கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முனையிலும் தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, வேறுபாட்டைக் கண்டால் உயரம் கிடைக்கும்.

கணக்கு: 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 விகிதம் என்றால் நீளம் 45 × 12 = 540 செ.மீ. இடமில்லை என்று 180 செ.மீ.யில் கட்டினால் விகிதம் 1:4 ஆகிவிடும். பார்வைக்குச் சாய்தளம் இருக்கும். பிள்ளையால் தானாக ஏற முடியாது.

ஆசிரியர் கவனத்திற்கு

சிறப்புத் தேவையுடைய மாணவரைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். அவர் விரும்பினால் குழுவுக்கு ஆலோசனை சொல்பவராக இருக்கட்டும். அவர் அன்றாடம் செல்லும் வழி அவருக்கே நன்கு தெரியும்.

மதிப்பீடு

1. ரயில் பாதையின் சரிவு ஏன் குறைவாக இருக்கிறது?
2. 30 செ.மீ. உயரத்துக்கு 1:12 சாய்தளம் எவ்வளவு நீளம்?
3. நம் பள்ளியில் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் எது? ஏன்?

மூன்றாம் வினாவுக்கான விடைகளைத் தொகுத்து, வரைபடத்துடன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே வழங்கலாம். கல்வி நிறுவனக் கட்டடமும் வளாகமும் அனைவரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. அளவுகளோடு வைக்கும் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.