ஒரே புத்திமதி எல்லாருக்கும் எடுபடுமா?

"புகைக்காதீர், புற்றுநோய் வரும்" என்ற வாசகத்தைக் காணாதவர் நம்மில் யாரும் இல்லை. 2015ஆம் ஆண்டிலிருந்து சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கடையில் ஒன்று ரெண்டாக வாங்கிப் பற்றவைப்பவர் கண்ணில் அந்தப் பெட்டி படுவதேயில்லை. வெற்றிலையோடு போயிலை போடும் பாட்டியிடம் சொன்னால், "நான் எங்க ஐயா பொகைக்கிறேன்?" என்று கேட்பார்.

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. நம்மில் சிலருக்கு இன்றும் அங்கே உறவு உண்டு. வன்னியின் கிழக்குக் கரையில், முல்லைத்தீவு மாவட்டத்தில் இருப்பது கொக்கிளாய். களப்பிலும் கடலிலும் தொழில் செய்கிற ஊர். இராத்தொழிலுக்குப் போகிறவர் தூக்கம் வராமலிருக்கப் பற்றவைக்கலாம். கவ்வாத்து வெட்டுபவர் மலைக் குளிருக்குப் பற்றவைக்கலாம். அந்த ஊர் மக்கள் 1984 கடைசியில் இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பிறகே திரும்பினார்கள். முகாமில் கவலையை மறக்கப் பழகிய ஒருவரிடம் போய்ப் புற்றுநோய்க் கதை சொன்னால், "இதைவிடப் பெரிசெல்லாம் பார்த்தாச்சு" என்பார். பீடி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. நாம் சொல்லும் புத்தியும் வேறாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்போம்: எந்த நேரத்தில் மனம் தேடுகிறது, யாரோடு இருக்கும்போது, எதற்காக?

குளிருக்கு என்பவருக்கு அந்த நேரத்தில் ஒரு கோப்பை சூடான பிளேன்டீ உதவலாம். மனம் தேடும் அந்த வேகம் சில நிமிடத்தில் தணிந்துவிடும், அதைத் தாண்டினால் போதும். காசுக் கணக்குப் பார்ப்பவரிடம், ஒரு நாள் பீடிக் காசை முப்பதால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையுள்ள தகப்பனிடம் அவர் நெஞ்சைப் பற்றிப் பேசுவதைவிட, ஒற்றைக் காம்பிராவில் அந்தப் புகையைப் பிள்ளையும் சுவாசிக்கிறது என்று சொல்வது மனதில் படும்.

பையன்கள் விஷயம் தனி. இருபது வருசம் கழித்து வரும் நோய்க்கு அவன் பயப்பட மாட்டான். வாய் நாறுது, பந்து விளையாடினால் மூச்சு வாங்குது என்றால் கேட்பான். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. ஆனால் "டேய், ஓடிப்போய் ரெண்டு பீடி வாங்கிட்டு வா" என்று அனுப்புவது மாமாவோ சித்தப்பாவோதானே!

வெற்றிலை போடும் பெண்களை இந்தப் பேச்சில் நாம் மறந்தே போகிறோம். போயிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும். அவர்களிடம் பயங்காட்டாமல், "வாயைத் திறங்க அம்மா, பார்ப்போம்" என்று தொடங்கலாம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல அகலத் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களைக் கொண்டே வாயைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 1984இல் வெளியானது. திட்டுகளை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் பாதிப்பேரே போனார்கள். போகச் சொல்வதோடு நில்லாமல், கொழுந்துச் சம்பளம் போகாத நாளாகப் பார்த்து நாமும் கூடப் போனால் என்ன?

புரோச்சஸ்கா, டிகிளமென்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் புகைப்பதை விடுபவர்கள் படிப்படியாக மாறுகிறார்கள் என்று 1983இல் எழுதினார்கள். விடுவதைப் பற்றி நினைக்கவே இல்லாதவரிடம் "நாளையே விடு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடம் ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு வரலாம். விடலாமா என்று யோசிப்பவருக்கு ஒரு நாளைக் குறிக்க உதவலாம். இருபது நாள் விட்டிருந்துவிட்டு, சாவு வீட்டில் ஒன்று பற்றவைத்தவரை "பார்த்தியா, உன்னால முடியாது" என்று யாரும் சொல்லாதீர்கள். இருபது நாள் முடிந்ததே! அடுத்த சாவு வீட்டில் எங்கே உட்காருவது, யார் பக்கத்தில் இருப்பது என்று அவரோடு இப்பவே பேசி வைப்போம்.