புகையிலிருந்தும் மின்சாரம்

ஆற்றல் மாற்றம் நடத்தும்போது அனல்மின் நிலையத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். நிலக்கரி, கொதிகலன், நீராவி, சுழலி, மின்னியற்றி என்று அம்புக்குறிகள் நீளும். வீணாகும் வெப்பத்துக்கு ஓரத்தில் ஒரு சின்ன அம்பு. உண்மையில் பெரியது அந்த அம்புதான். இதை உணர்த்த எரிவாயு மின் நிலையத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிப் பள்ளிகளில் இப்படித் தொடங்கலாம்: "உங்கள் வீட்டார் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" பக்கத்துத் துணைமின் நிலையத்தைத்தான் பலர் சொல்வார்கள். அது மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர, மின்சாரத்தை உண்டாக்காது. மின்வாரியத்தின் எரிவாயு நிலையங்கள் திருவாரூர் மாவட்டம் திருமக்கோட்டையிலும், மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்திலும், இராமநாதபுரம் மாவட்டம் வழுதூரிலும் உள்ளன. வாயு கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே நிலையத்தை வைத்து, மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புகிறார்கள். எந்த நிலையத்து மின்சாரம் எந்த ஆலைக்குப் போகிறது என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே மின்தொகுப்பில் கலக்கிறது.

வேலை நடக்கும் விதம் எளிது. அழுத்திய காற்றோடு வாயு எரிகிறது. அந்தச் சூடான புகையே முதல் சுழலியைச் சுற்றுகிறது. இதற்கு நீராவி தேவையில்லை. வெளியேறும் புகை அப்போதும் 500 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதை வானில் விடாமல் ஒரு கொதிகலன் வழியாகச் செலுத்தி, நீராவியாக்கி, இரண்டாவது சுழலியைச் சுற்றவைக்கிறார்கள்.

திருமக்கோட்டையில் எரிவாயுச் சுழலியின் திறன் 70 மெகாவாட்; நீராவிச் சுழலியின் திறன் 37.88 மெகாவாட். "இரண்டாவது சுழலிக்கு எவ்வளவு வாயு எரித்தார்கள்?" என்று கேளுங்கள். கூடுதலாக எதுவும் இல்லை! எரிபொருளின் வெப்பம் 100 அலகு என்றும், அதில் முதல் சுழலி 33 அலகை மின்சாரமாக்குகிறது என்றும் கொள்வோம். அதே விகிதத்தில் இரண்டாவது சுழலி ஏறத்தாழ 18 தரும். ஆக 51. மூன்றாவது சுழலி வைக்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி. மிஞ்சும் வெப்பத்தின் வெப்பநிலை மிகவும் தாழ்ந்துவிடுகிறது. அதிலிருந்து பயனுள்ள அளவு வேலை வாங்க முடியாது என்பதே விடை.

சென்னை பேசின் பாலத்தில் 1996இல் அமைந்த நிலையத்தில் இந்த இரண்டாம் கட்டமே இல்லை. 30 மெகாவாட் சுழலிகள் நான்கு, எரிபொருள் நாப்தா. சிக்கனம் குறைவுதான். ஆனால் நிலக்கரி நிலையம் சூடேறிக் கிளம்பப் பல மணி நேரம் ஆகும். இத்தகைய சுழலி சில நிமிடங்களில் ஓடத் தொடங்கிவிடும். மாலையில் சூரியமின்சாரம் இறங்கி வீட்டு விளக்குகள் எரியும் நேரத்தில் அந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையில் தேங்கும். இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் மீத்தேன், இலேசானது, மேலெழும். எரியும்போது நிலக்கரியில் பாதியளவு கார்பன் டை ஆக்சைடுதான் வரும். ஆனால் எரியாமல் கசிந்த மீத்தேன் புவியை அதைவிட அதிகமாகச் சூடாக்கும். எனவே "தூய எரிபொருள்" என்று மட்டும் எழுதிப்போட்டு நகர்வது சரியல்ல.

நான்கு ஊர் நிலையங்களின் மொத்தத் திறன் 516.08 மெகாவாட். 2024 மே 2இல் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட். முழுத்திறனில் ஓடினாலும் நாற்பதில் ஒரு பங்குதான். மற்ற 39 பங்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை வீட்டுவேலையாகக் கொடுக்கலாம்.