பீட்டர் பானை மேடையேற்றிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாடகம் பார்த்துத் திரும்பிய மறுநாளே நீ கொடுத்தனுப்பிய பிரதியையும் வாசித்து முடித்துவிட்டேன். ஆகையால் ஜேம்ஸ் பாரி எழுதியது எது, நீயாகச் சேர்த்தது எது என்று பிரித்தறிவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஐந்து அங்கங்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கிய உன் சாமர்த்தியத்தைப் பற்றியும், வசனம் சிறுவர் வாயில் தடங்கலின்றிப் புரண்டதைப் பற்றியும் மற்றவர்கள் வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கைதட்டலைப் பற்றி.

பீட்டருக்கென்று வைத்த நஞ்சைத் தான் குடித்துவிட்டு டிங்கர் பெல் மங்கிக்கொண்டிருக்கிறாள். தேவதைகள் உண்டென்று நம்புகிறவர்கள் கைதட்டினால் அவள் பிழைப்பாள் என்று பீட்டர் சபையை நோக்கி மன்றாடுகிறான். நாடகம் முழுவதும் வாய்மூடி அமர்ந்திருந்த சபையிடம், ஓர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஆசிரியர் தூக்கிக் கொடுத்துவிடுகிற அந்த இடத்தில், நீ என்ன செய்தாய்? பீட்டர் வாயை மூடுமுன்னரே, பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து, எங்கோ எவரோ எதற்கோ தட்டிய கைதட்டலைப் பதிவுசெய்து முழங்கவிட்டாய். என் நாற்காலியருகே ஜமுக்காளத்தில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி, பீட்டர் கேட்ட மாத்திரத்தில் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தியிருந்தாள். பெட்டி முழங்கியதும் அந்தக் கைகள் நின்றுவிட்டன. அவள் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, டிங்கர் பெல் பிழைத்ததை வேடிக்கை பார்த்தாள். அவள் செய்ய வேண்டிய காரியத்தை நீ பிடுங்கிக்கொண்டாய்.

பாரிக்கும் இந்தப் பயம் இருந்ததே என்று நீ வாதாடக்கூடும். வாஸ்தவம்தான். 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் நாடகசாலையில் முதல் ஆட்டம் நடந்தபோது, வந்து அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஒருவரும் தட்டாமற்போனால் வாத்தியக்காரர்கள் தங்கள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் ‘தட்டாமற்போனால்’ என்பதைக் கவனி, தம்பி. சபைக்கு முதல் உரிமை. அதற்குப் பிறகே வாத்தியக்காரர்கள். அன்றெழுந்த கரகோஷத்தைக் கண்டு, பீட்டராக நடித்த நீனா பூசிகோ அம்மையார் அழுதேவிட்டாராம். உன் பெட்டிக்கோ காத்திருக்கவும் தெரியாது, அழவும் தெரியாது.

யந்திரங்களின்மேல் எனக்குள்ள விரோதம் ஊரறிந்தது. அதைக் கிழவனின் பிடிவாதமென்று நீங்களெல்லாம் பரிகசிப்பதும் எனக்குத் தெரியும். என்றாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. டிங்கர் பெல்லுக்காக வாடகைக்கு எல்.இ.டி. திரை கொண்டுவந்து, அதில் இறக்கை முளைத்த பொம்மையொன்றைப் பறக்கவிட்டாயே, லண்டனில் அந்தத் தேவதை எதனால் ஆனவள் தெரியுமா? மேடைக்கு வெளியே நின்ற ஒருவர் கையிலிருந்த சிறு கண்ணாடி பிரதிபலித்த ஒளிப்பொட்டு; அவள் பேச்செல்லாம் மணியோசை. அவ்வளவுதான். முகமில்லாத அந்த ஒளிக்குக் குழந்தைகள் தாமே முகம் எழுதிக்கொண்டார்கள். உன் திரையில் முகமும் மூக்குத்தியும்கூட இருந்தபடியால், எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. யந்திரத்தை அதிகமாக நம்பியதற்குப் பாரியே தண்டனை அனுபவித்தார்: டிசம்பர் 22ஆம் தேதி அரங்கேற வேண்டிய நாடகம், மேடை யந்திரங்கள் ஒத்துழைக்காததால்தான் 27க்குத் தள்ளிப்போயிற்று. சிறுவர்கள் பறந்த காட்சிக்கு ஜார்ஜ் கர்பியின் கம்பிகள் இருந்தன என்பாய். நம்மிடம் அந்தக் கம்பிகள் இல்லாதது பெரிய பாக்கியம். நம் கூத்துக்காரன் களரியை ஒரு சுற்று சுற்றி வந்தால் அஸ்தினாபுரத்திலிருந்து துவாரகைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறானே, அவனை ‘எப்படிப் போனாய்’ என்று எவராவது கேட்டதுண்டா? வெண்டி என்ற சிறுமியும் அவள் தம்பிமாரும் கட்டில்மேல் ஏறிக் கைகளை விரித்திருந்தால் போதும். மற்றதைச் சபை பார்த்துக்கொள்ளும். லண்டன் குழந்தைகள் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டுக்கொண்டதால், தேவதைத் துகள் படாதவன் பறக்க முடியாது என்ற நிபந்தனையைப் பாரி பின்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. உன் நாடகம் பார்த்த எந்தக் குழந்தையும் கட்டிலிலிருந்து குதித்திராது. அவ்விதத்தில் பெற்றோர் உனக்கு நன்றி செலுத்தலாம்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வெண்டியின் தகப்பனார் திருவாளர் டார்லிங்கையும் கடற்கொள்ளைக்காரன் கேப்டன் ஹூக்கையும் இருவருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். முதல் ஆட்டத்தில் ஜெரால்டு து மோரியே என்ற ஒரே நடிகர் இரண்டு வேஷங்களையும் போட்டார். பிறகு அது சம்பிரதாயமாகவே நிலைத்தது. ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த காரியமன்று அது. தான் குடிப்பதாக வாக்களித்த மருந்தை நாயின் பால் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுச் சிரிக்கிற தகப்பனார், இரவில் நெவர்லாந்தின் குகைக்குள் எட்டிப் பார்த்து, பீட்டரின் மருந்தில் நஞ்சைச் சொட்டுகிற கொள்ளைக்காரனாகத் திரும்பி வருகிறார்! அதே கை, அதே மருந்து. குழந்தைகள் தங்கள் தகப்பனாரைப் பற்றி வாய்விட்டுச் சொல்லத் துணியாத சந்தேகத்தைப் பாரி இந்த ஓர் உபாயத்தால் சொல்லிவிடுகிறார். சபாவின் செயலாளருக்கு ஒரு வேஷம் கொடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தம் உனக்கு இருந்திருக்கும். அமெச்சூர் சபாக்களின் ஜாதகத்தில் இந்தத் தோஷம் இல்லாதது அபூர்வம். ஆனாலும் ஹூக்கையா கொடுப்பது?

நானா என்னும் நாயாக வந்த பையன் யார்? கோணித்துணிக்குள் நான்கு காலில் நடந்துகொண்டு, வாயில் மருந்துக் கரண்டியைக் கவ்வியபடி, அதில் ஒரு சொட்டும் சிந்தாமல் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனானே, அந்த ஒரு நடைக்காக எத்தனை பொற்கிழி வேண்டுமானாலும் கொடுக்கலாம். நிழலைத் தைக்கிற காட்சியைப் பற்றி எழுதினால் எனக்கு நிதானம் தவறிவிடும். கறுப்பு வாயில் துணியைக் கால்விரலோடு சேர்த்து, மெய்யாகவே ஊசியில் நூல் கோத்து, வெண்டி குத்திக் குத்தி இழுத்துக் கடைசியில் பல்லால் நூலைக் கடித்து அறுத்தபோது, ஜமுக்காளத்திலிருந்த குழந்தைகள் தங்கள் பாதங்களைப் பாவாடைக்குள்ளும் அரைக்கால் சட்டைக்கடியிலும் இழுத்துக்கொண்டார்கள். ஒரு முழம் துணி, ஓர் ஊசி! இதைச் செய்யத் தெரிந்தவன் எல்.இ.டி. திரைக்கு வாடகை கொடுத்தான் என்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

இனி, பீட்டராக நடித்த பையன். தான் பெரியவனாக ஆகவே மாட்டேன் என்று அவன் மார்தட்டிச் சொல்லும்போது குரல் பாதியில் உடைந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிளந்ததையும், சபை சிரித்ததையும் குறிப்பிட்டு, அது உனக்குப் பெரிய அவமானமாகிவிட்டதென்றும், அடுத்த ஆட்டத்தில் அவனை நீக்கிவிட்டு ஒரு சிறுமியைப் போடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். லண்டனில் பீட்டராகப் பெண்களே நடித்து வந்தார்கள் என்ற ஆதாரம் உன் பக்கம் இருக்கிறது. இருந்தாலும் கேள்.

எனக்கு அரிதாரம் பூசக் கற்றுக்கொடுத்தவர் இளமையில் பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைப் போன்ற கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தவர். அங்கே பையன்களுக்குப் பசியைவிடப் பெரிய பயம் மகரக்கட்டு என்னும் குரல் உடைவு. வள்ளியாக நின்று உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்த ஓரிரவில் இவர் குரல் உடைந்ததாம்; ஹார்மோனியக்காரர் துருத்தியை ஓங்கி அழுத்தி எப்படியோ மறைத்துவிட்டார்; மறுநாள் காலை வாத்தியார் ஒன்றும் பேசாமல் படுதாக் கயிற்றைக் கையில் கொடுத்தாராம். இன்னொரு பையன் தன் புடவையைக் கட்டிக்கொண்டு தன் பாட்டைப் பாடுவதை, கயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று அவர் பார்த்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும்; என் புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்த கை சற்றும் நடுங்கவில்லை.

உன் பையனின் குரல் அந்த வாக்கியத்தில் உடைந்ததைவிடப் பொருத்தமான ஒன்றை எந்த டைரக்டரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. சிரித்த சபை அடுத்த கணம் அடங்கிப்போனதை நீ திரைக்குப் பின்னால் நின்றதால் அறியவில்லை, நான் அறிவேன். அவனை மாற்றாதே. அடுத்த ஆட்டம் எப்போதென்று எழுது. அதற்குள் குரல் முற்றிலும் இறங்கிவிட்டாலும் அவனே நடிக்கட்டும்.

செயலாளருக்கு வேண்டுமானால் நானே ஒரு கடிதம் எழுதுகிறேன். கடற்கொள்ளைக்காரன் ஸ்மீயின் வேஷம் அவர் தேகவாகுக்கு எவ்வளவோ பொருந்தும் என்றும், சபையின் அனுதாபம் முழுவதும் ஸ்மீக்கே போகும் என்றும் சொன்னால் இணங்கிவிடுவார். எனக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும்.

அன்புடன்,
உன் நலம் நாடும் கிழவன்